விழுந்த பல்லுக்கும் உயிர் உண்டு



படிக்கட்டில் வழுக்கி விழுந்த பிள்ளை அழுதுகொண்டு ஓடி வருகிறது. வாயெல்லாம் இரத்தம். மேல் வரிசையில் முன்பல் ஒன்று இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பிள்ளையை அள்ளி எடுப்பீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்வீர்கள். இரத்தம் நிற்கத் துணியை வைத்து அழுத்துவீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் விழுந்த பல் என்ன ஆகிறது? அது முற்றத்திலேயே கிடக்கிறது. யாராவது எடுத்தாலும், பைப்படியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு கடதாசித் துண்டில் சுற்றி வைக்கிறார்கள். இன்னும் சிலர், விழுந்த பல்லைப் புதைப்பதுதானே முறை என்று உடனே மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். மறுநாள் பல் டாக்டரிடம் போகும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "பல் எங்கே?" என்பதுதான். அதற்கு உம்மாவிடமும் பதில் இல்லை, வாப்பாவிடமும் பதில் இல்லை.

சகோதரிகளே, வேரோடு கழன்று விழுந்த பல்லை அதே குழியில் திரும்ப வைக்க முடியும். அது மீண்டும் ஒட்டிப் பிடித்துப் பல வருடங்கள் வாயில் நிலைத்திருக்கவும் முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விழுந்த நேரத்திலிருந்து குழிக்குத் திரும்பும் வரை அந்தப் பல்லின் வேரில் உள்ள உயிர் சாகாமல் இருக்க வேண்டும். அந்த உயிரைக் காப்பது டாக்டரின் கையில் இல்லை. சம்பவம் நடந்த இடத்தில் நிற்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பல்லில் ஏது உயிர்?

பல்லைப் பார்த்தால் கல்லைப் போலத் தெரிகிறது. ஆகவே அதற்கு உயிர் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேர் தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அந்த நார்கள்தான் பல்லை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கின்றன. நாம் கடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதும் அவைதான்.

பல் அடிபட்டுக் கழரும்போது இந்தச் சவ்வு நடுவே கிழிகிறது. ஒரு பாதி குழிக்குள் தங்கிவிடுகிறது. மறுபாதி வேரோடு வெளியே வருகிறது. வேரில் ஒட்டியிருக்கும் அந்தப் பாதியில் உயிருள்ள உயிரணுக்கள் எண்ணற்றவை இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கும்போதே பல்லைக் குழிக்குள் வைத்தால், கிழிந்த இரு பாதிகளும் வெட்டுக்காயம் ஆறுவது போல ஒன்றோடொன்று இணைந்துவிடும். அவை செத்த பிறகு வைத்தால், உடம்பு அந்த வேரை எலும்பாக எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த இடத்தை எலும்பால் நிரப்பத் தொடங்கும். பல் சில காலம் நிற்கும், பிறகு போய்விடும்.

இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர் டென்மார்க்கின் பல் வைத்தியர் ஆண்ட்ரியாசன். விபத்தில் கழன்று, திரும்ப வைக்கப்பட்ட 110 பற்களின் நிலையை அவரும் அவருடைய சகாவும் 1966ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் குழிக்குத் திரும்பிய பற்களில் பெரும்பாலானவற்றின் வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே கரைந்தன. இன்று உலகெங்கும் பல் வைத்தியர்கள் கைக்கொள்ளும் 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் இதே அடிப்படையில்தான் சொல்கிறது: 15 நிமிடத்துக்குள் வைத்தால் மிக நல்லது, காய்ந்த நிலையில் 60 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் அந்த உயிரணுக்கள் செத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

"காய்ந்த நிலையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பல்லைக் கொல்வது நேரம் மட்டுமல்ல, காய்ச்சலும்தான். கடதாசி, துணி, பஞ்சு எல்லாம் ஈரத்தை உறிஞ்சி உயிரணுக்களைக் காயவைத்துவிடும். பத்திரமாகச் சுற்றி வைக்கிறோம் என்று எண்ணி நாம் செய்வதுதான் பல்லைக் கொல்கிறது.

பதுளையில் அந்த ஒரு மணி நேரம்

கொழும்பில் இருப்பவருக்குப் பல் வைத்தியசாலை பக்கத்தில் இருக்கலாம். நம் ஊவா மாகாணத்தின் நிலை வேறு. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளை, ஹல்தும்முல்லை பக்கத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே எவ்வளவு நேரம்! உம்மாவோ அம்மாவோ மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். பிள்ளை பாட்டியிடமோ, பிள்ளைக் காம்பராவிலோ, மைதானத்திலோ இருக்கும். தாய்க்கு ஆள் அனுப்பி, அவர் இறங்கி வந்து, திரீவீலர் பிடித்து, வளைந்து வளைந்து செல்லும் வீதியில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ, வெலிமடை, தியத்தலாவை ஆஸ்பத்திரிகளுக்கோ வந்து சேர்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும். மழையும் மண்சரிவும் இருக்கும் நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இங்கே நமக்குத் தேவை, அந்த ஒரு மணி நேரத்தை நீட்டித்துத் தரும் ஒரு வழி. அந்த வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. அதுதான் குளிர்ந்த பால்.

ஏன் பால்? ஏன் குளிர்?

உயிரணு என்பது மெல்லிய தோலால் ஆன சிறு பை போன்றது. உள்ளே உப்புக் கலந்த நீர் இருக்கிறது. அதைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் உப்பில்லாத நீர் உள்ளே புகுந்து, அது ஊதி வெடித்துவிடும். உப்பு அதிகமான நீரில் போட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறிச் சுருங்கிவிடும். பாலின் உப்பு அளவும் புளிப்பு அளவும் நம் உடம்பு நீருக்குக் கிட்டியவை. அதோடு பாலில் உயிரணுவுக்கு உணவும் இருக்கிறது. பதப்படுத்திய பாலில் கிருமிகளும் குறைவு. இதை 1980களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ப்ளோம்லோப் என்பவரும் அவருடைய குழுவினரும் சோதித்துக் காட்டினார்கள். குரங்குகளின் பல்லைப் பாலில் சில மணி நேரம் வைத்திருந்து திரும்ப நட்டபோதும் அவை நன்றாக ஆறின.

குளிர் எதற்கு? இறைச்சியைக் குளிரில் வைத்தால் கெடாமல் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். உயிரணுவும் அப்படித்தான். குளிரில் அதன் வேலைகள் மெதுவாகின்றன, பசியும் குறைகிறது, கிருமியும் பெருகாது. இருக்கும் உயிர் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது. இது நம் நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தான சங்கம் இதே குளிரை நம்பித்தான் கண்களைக் கடல் கடந்து அனுப்பியது. 1964இல் சிங்கப்பூருக்குச் சென்ற முதல் கண்கள், தேநீர் கொண்டு செல்லும் பிளாஸ்கில் ஐஸ் இட்டு அனுப்பப்பட்டவை என்பார்கள்.

உறைய வைக்கலாமா?

"குளிர் நல்லது என்றால், பிரிட்ஜின் மேல் தட்டில் ஐஸோடு ஐஸாக வைத்துவிடலாமே" என்று ஒரு சகோதரி கேட்கலாம். வேண்டாம். குளிர்வது வேறு, உறைவது வேறு. உயிரணுவுக்குள் இருக்கும் நீர் உறையும்போது ஊசி போன்ற பனித்துகள்கள் உண்டாகி அதைக் கிழித்துவிடும். உறைந்த கீரையை வெளியே எடுத்தால் துவண்டு நீர் விடுவது இதனால்தான்.

உறைய வைத்தும் பல்லின் உயிரைக் காக்கும் முறை உலகில் உண்டு. ஆனால் அது வீட்டு வேலை அல்ல. உறைவிலிருந்து காக்கும் மருந்தில் பல்லை ஊற வைத்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மிகக் கடுங்குளிரில் சேமிக்கிறார்கள். பல் வரிசையைச் சீர்படுத்தும்போது பிடுங்கும் நல்ல பற்களைப் பிற்காலத் தேவைக்காக இப்படிப் பாதுகாக்கும் பல் வங்கி ஒன்று ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் 2000களில் உருவானது. அங்கே காந்தப்புலத்தின் நடுவே உறைய வைக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நமக்கு வேண்டியது சில மணி நேரம் மட்டுமே. அதற்குப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் உள்ள பக்கட் பால் போதும்.

தண்ணீர், எச்சில், இளநீர்

பால் இல்லாவிட்டால்? தோட்டத்து டிஸ்பென்சரியில் செலைன் இருக்கும், அதில் போடலாம். அதுவும் இல்லாவிட்டால் பிள்ளையின் எச்சிலையே ஒரு கோப்பையில் துப்பச் சொல்லி, அதில் பல்லைப் போடலாம். எச்சிலில் கிருமி உண்டு, ஆகவே நீண்ட நேரத்துக்கு உதவாது. ஆனாலும் காய்வதைவிட எவ்வளவோ மேல். வேறு எதுவுமே இல்லாத இடத்தில் மட்டும் தண்ணீர். தண்ணீர் நல்லதல்ல, ஆனால் காற்றில் காயவிடுவது அதைவிடக் கெட்டது.

இளநீரைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் கோபிகிருஷ்ணா முதலிய பல் வைத்தியர்கள் 2008இல் நடத்திய ஆய்வில், இளநீர் பாலையும் மிஞ்சி உயிரணுக்களைக் காத்தது. ஆனால் அடுத்த ஆண்டே பிரேசிலில் நடந்த ஆய்வில், இளநீரின் புளிப்பு காரணமாக அது பாலைவிடப் பின்தங்கியது. ஆகவே பால் இருக்கும்போது இளநீரைத் தேட வேண்டாம்.

பால்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியர்கள் அதிகமாகச் சோதித்தது திரவப் பாலைத்தான். சுடுநீர் வைத்து, பால்மா கரைத்து, ஆறும் வரை காத்திருப்பதில் அருமையான நிமிடங்கள் போய்விடும். அந்த நேரத்தில் எச்சிலே மேல். சீனி போட்ட பால், டின்பால், சூடான பால் எதுவும் கூடாது. வீட்டில் கறந்த பால்தான் இருக்கிறது என்றால், காய்ச்சி நன்றாக ஆறிய பாலை ஆடை நீக்கிப் பயன்படுத்துங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலையில் பலத்த அடி இருந்தால் பல்லைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசி இலவச சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

2. விழுந்தது பாற்பல்லா, நிலையான பல்லா என்று பாருங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முன்பல் பெரும்பாலும் பாற்பல்லாகவே இருக்கும். பாற்பல்லை ஒருபோதும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிலையான பல் பழுதாகிவிடும். சந்தேகம் என்றால் பாலில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

3. பல்லைத் தேடி எடுங்கள். வாய்க்கு வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள்.

4. அழுக்கு இருந்தால் பாலிலோ, செலைனிலோ, பிள்ளையின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். தேய்க்கவோ, சுரண்டவோ, சவர்க்காரம் போடவோ கூடாது.

5. நிலையான பல்லாக இருந்து, பிள்ளையும் ஒத்துழைத்தால், அந்த இடத்திலேயே குழிக்குள் நேராக மெதுவாக அழுத்தி வையுங்கள். முன்பக்கம் முன்னால் இருக்கட்டும். சுத்தமான லேஞ்சியை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள்.

6. வைக்கப் பயமாக இருந்தால், அல்லது பிள்ளை பெரிதாக அழுதால், உடனே பல்லை ஒரு சிறு போத்தலில் குளிர்ந்த பாலில் மூழ்க வையுங்கள். மூடியை இறுக்குங்கள். ஐஸ் கிடைத்தால் போத்தலை ஐஸின் நடுவே வையுங்கள். பல் ஐஸில் நேராகப் படக் கூடாது.

7. அன்றே, அந்த நேரமே புறப்படுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். பிள்ளைக்கு இருதய நோய் முதலிய கடுமையான நோய் இருந்தால் நீங்களாகப் பல்லை வைக்காமல், பாலில் கொண்டுபோய் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

டாக்டர் வைத்த பிறகு

பல்லைக் குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரமளவில் கட்டி வைப்பார்கள். ஏற்பு ஊசி தேவையா என்று பார்ப்பார்கள். மாத்திரையும் தருவார்கள். வேர் முழுமையாக வளர்ந்த பல்லென்றால், இரண்டு வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சையும் தொடங்க வேண்டும். கட்டு அவிழ்த்ததும் வேலை முடிந்தது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். பல்லை இழப்பது பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு வாரம் கஞ்சி, மென்மையான சோறு, மென்மையான பிரஷ், சொன்ன நாளில் கிளினிக். இவற்றைத் தவறவிடாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துவிட்டால்? அப்போதும் பல்லைக் கொண்டு போங்கள். வளரும் வயதில் ஒரு முன்பல் சில வருடங்கள் நின்றாலும் அது இலாபம்தான். அந்த இடத்து எலும்பு சுருங்காமல் காக்கும். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டிய நிலையும் வராது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வெளியே விழுந்த பல் நஜீஸ் அல்லவா, அதை வாயில் வைத்துத் தொழலாமா என்ற சந்தேகம் சிலருக்கு வருகிறது. முற்கால அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் பலமான கருத்து, மனிதன் உயிரோடு இருந்தாலும் இறந்தாலும் சுத்தமானவன், அவன் உடலிலிருந்து பிரிந்த உறுப்பும் சுத்தமானதே என்பதாகும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதையே சரியான கருத்தாகக் கொண்டார்கள். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், ஒருவரின் உடல் உறுப்பை அவருடைய உடலிலேயே வேறோர் இடத்தில் பொருத்துவதை, தீமையைவிட நன்மை மிகும் என்று உறுதியானால் கூடும் என்று அனுமதித்தது. தன் பல்லைத் தன் குழியிலேயே வைப்பது அதைவிட இலகுவான விடயம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்களுக்குத் தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கிய செய்தியையும் நாம் அறிவோம். இழந்த உறுப்பை ஈடு செய்வது இறைவனின் ஏற்பாட்டை மறுப்பதாகாது.

புதைக்கும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பாற்பல்லைப் புதையுங்கள். வைக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பல்லையும் புதையுங்கள். ஆனால் உயிருள்ள பல்லை உயிரோடு புதைக்காதீர்கள்.

ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். குர்ஆன் ஓதும்போது ஸா, தால், ளா ஆகிய மூன்று எழுத்துகளும் நாக்கு நுனியும் மேல் முன்பற்களின் விளிம்பும் சேரும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஃபா என்ற எழுத்துக்கும் மேல் முன்பல் வேண்டும். முன்பல் போன பிள்ளை இந்த எழுத்துகளில் தடுமாறும். மற்றப் பிள்ளைகள் சிரித்தால், ஓதவே வெட்கப்பட்டு மூலையில் ஒதுங்கிவிடும். ஒரு பல்லோடு இவ்வளவும் போகிறது.

உங்கள் பிரிட்ஜ் யாருக்காக?

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பக்கங்களில் நம்மவர்கள் பலர் கடைக்காரர்கள். தோட்டத்து மக்கள் சாமான் வாங்க வருவது அந்தக் கடைகளுக்குத்தான். பல லயங்களில் பிரிட்ஜ் இல்லை, கடையில் இருக்கிறது. அதில் பக்கட் பாலும் இருக்கிறது. கையில் பல்லோடு ஒரு தோட்டத்துத் தாய் ஓடி வந்தால், அவர் யாராக இருந்தாலும், காசு கேட்காமல் ஒரு கோப்பைக் குளிர்ந்த பாலை ஊற்றிக் கொடுங்கள். திரீவீலரைக் கூப்பிட்டு விடுங்கள். அயலவரின் உரிமையைப் பற்றி நாம் கேட்ட பயான்கள் எத்தனை! இந்தச் சின்ன விடயத்தில் அது செயலாகட்டும்.

ஆகவே சகோதரிகளே, இதை வாசித்து முடித்ததும் மூன்று பேருக்குச் சொல்லுங்கள்: உங்கள் பிள்ளையின் பாடசாலை ஆசிரியைக்கு, ஓதல் பள்ளி முஅல்லிமுக்கு, கடையில் இருக்கும் உங்கள் கணவருக்கோ நானாவுக்கோ. மூன்று பேரும் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: வேரைத் தொடாதே, காயவிடாதே, குளிர்ந்த பாலில் போடு, உடனே புறப்படு.

நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல நாயன் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.